பெயர் கொடுத்தவள்

சிவமயம்

வெள்ளவத்தை
12.08.2007

தம்பி தில்லைநாதனுக்கு அக்கா எழுதுவது.

கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு மேல்மாடி அறையில் நீ இருக்கிறாய் என்று எங்கள் ஊர் இராஜநாயகம் அண்ணர் ஆள்விட்டுச் சொன்னபடியால் நிம்மதி. நிம்மதி என்று எழுதிவிட்டேனே தவிர அப்படியொன்றும் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். நேற்றும் அப்படி ஓடித்தான் பருப்பு அடிப்பிடித்தது. வந்தது தண்ணீர்ப் பில் கொடுக்கிறவன்.

உன் போன் பற்றரியை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதனால்தான் கடிதம்.

நீ அன்றைக்குப் போட்ட சத்தம் முழுக் கட்டடத்துக்கும் கேட்டது. “என்ர பேரைக் குடுத்தவள் நீதான். சொந்தத் தம்பியைக் காட்டிக்குடுத்திட்டாய்” என்றாய். பேச்சுப் பழகிய நாளிலிருந்து என்னை நீங்கள் என்று கூப்பிட்ட வாய் அது. காட்டிக்கொடுத்தவள் என்றதைவிட அந்த ‘நீ’தான் எனக்குள் கிடந்து அறுக்கிறது.

நான் செய்தது என்ன? பொலிஸ் வீடுவீடாகப் பதிவுப் பத்திரம் கொடுத்தது. வீட்டில் இருக்கிறவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், உறவுமுறை. கொழும்பில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்க நிரப்பியது. மேல்வீட்டுப் பழனியம்மா நிரப்பத் தெரியாமல் என்னிடம் கொண்டுவந்து நிரப்பினாள். உன் பெயரை விட்டிருந்தால், சோதனைக்கு வருகிற அன்றைக்கு ‘இந்த ஆள் யார்’ என்று உன்னை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அது நடக்கக்கூடாது என்றுதான் எழுதினேன்.

டொக்டர் மனச்சிதைவு என்று எழுதித் தந்த அன்றைக்கும் நான் அந்தத் துண்டை உரத்து வாசிக்கவில்லை. உனக்கு வருத்தம் என்று ஒருவருக்கும் சொன்னதும் இல்லை. நீ கட்டடப் படம் கீறிய கந்தோருக்குக்கூட வயிற்று வருத்தம் என்றுதான் அறிவித்தேன். அந்தப் பொய்க்காக இன்றைக்கும் பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறேன்.

டொக்டர் தந்த குளிசை போடுகிறாயா? அதை மட்டுமாவது எழுது. இல்லாவிட்டால் வருகிற ஞாயிறு நான் அங்கே வந்து நிற்பேன்.

அக்கா
அன்னபாக்கியம்


கொட்டாஞ்சேனை
20.08.2007

அக்கா,

இங்கே வரக்கூடாது. நீங்கள் வந்தால் உங்களுக்குப் பின்னால் வேறு ஆட்கள் வருவார்கள்.

உங்கள் கடிதத்தின் உறை பிரித்து ஒட்டியது போல இருந்தது. இனிப் பசை வேண்டாம், நூலால் தையுங்கள்.

நீங்கள் பத்திரம் கொடுத்தது திங்கட்கிழமை. புதன்கிழமை ஒழுங்கை முகப்பில், ஆட்களைத் தூக்குகிற அந்த வெள்ளை வேன் நின்றது. இலக்கத் தகட்டில் சேறு. மறுநாள் அதே இடத்தில் லொத்தர் சீட்டு விற்கிறவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அன்று பின்னேரம் நீங்கள் கேட்டீர்கள்: “தம்பி, நாளைக்கு வெளியில போறியோ?” வேறு நாட்களில் அப்படிக் கேட்பதில்லை. எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால் ஒரே கோடு. நான் கோடு கீறிப் பிழைத்தவன், எனக்குத் தெரியும்.

குளிசை போடுகிறேன். போடாமல் இருக்க வழியில்லை. “இஞ்ச இருக்கிறதெண்டால் ரெண்டு விசயம். குளிசை என்ர கண்ணுக்கு முன்னால. வெள்ளிக்கு வெள்ளி அந்த வகுப்பு. ரெண்டில ஒண்டு பிசகினாலும் பெட்டியைக் கட்டு” என்கிறார் இராஜநாயகம் அண்ணர்.

வகுப்பு கொள்ளுப்பிட்டியில், ஒரு கடைக்கு மேலே. என்னைப்போல ஆறேழு பேர். நஸீறா மிஸ் என்று ஒருவர் நடத்துகிறார். மருந்து கொடுப்பதில்லை, புத்தி சொல்வதும் இல்லை. படத்தை மூடிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, என்ன என்று கேட்கிறார். சொன்னதும், “எவ்வளவு நிச்சயம்? நூற்றுக்கு எத்தன?” என்று கேட்பார். முடிவுக்குப் பாய்கிற மனதைப் பிடித்து நிறுத்துகிற பயிற்சியாம்.

எங்களை வருத்துகிற நினைப்பு ஒன்றை எழுதி, பக்கத்தில் நிச்சயத்தையும் போடச் சொன்னார். ‘என் பெயரைக் கொடுத்தது அக்கா’ என்று எழுதினேன். நூறு போட்டேன்.

தி.


சிவமயம்

வெள்ளவத்தை
02.09.2007

தம்பிக்கு,

நீ சொன்னபடி உறையைத் தைத்திருக்கிறேன். தபால் கந்தோரில் இருக்கிற பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடிதமா அரிசி மூட்டையா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

அன்றைக்கு ‘வெளியில போறியோ’ என்று கேட்டது, போனால் கருவேப்பிலை வாங்கிவரச் சொல்லத்தான். நீ முகத்தைத் திருப்பினாய், சொல்லாமல் விட்டேன். நீ கீறிய கோட்டில் கருவேப்பிலையும் இருக்கிறது என்று வகுப்பில் போய்ச் சொல்.

அந்த வகுப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். சொந்த அக்காவுக்கு மார்க்ஸ் போடச் சொல்கிற படிப்பு என்ன படிப்பு? இன்றைக்கு அக்காவில் எத்தனை என்பார்கள். நாளைக்குப் பிள்ளையார் இருக்கிறதில் எத்தனை என்பார்கள். எதிலும் நிச்சயமில்லாத மனிசனாக உன்னை ஆக்கிவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்? நான் கும்பிடுகிறபோது நூற்றுக்கு எத்தனை என்று கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. உன் அத்தார் வேலை முடிந்து கந்தோரால் வந்ததும் வராததுமாக, “உன்ர தம்பியைக் கண்டனான், கொள்ளுப்பிட்டி பஸ் ஹோல்ற்றில” என்றார்.

“மெலிஞ்சிருக்கிறானோ?”

“மெலிவும் இல்லை, ஒண்டும் இல்லை. ஒரு பொம்பிளையோட சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்கிறார். மழை தூறுது, குடையும் பிடிச்சுக் குடுக்கிறார். என்னைக் கண்டதும் பஸ்ஸுக்குப் பின்னால ஒளிஞ்சிட்டார்.”

எனக்கு விளங்கிவிட்டது. வகுப்பு என்பது சாட்டு. வீட்டைவிட்டுப் போனதும், வரவேண்டாம் என்றதும், அக்காவில் பழி போட்டதும் எல்லாம் அதற்குத்தான். கலியாணம் என்றால் நேரே சொல்லியிருக்கலாம். யார் என்றாலும் நான் வேண்டாம் என்றிருக்கமாட்டேன், கொஞ்சம் அழுதிருப்பேன். அவ்வளவுதான்.

பதினைந்தாம் திகதி விநாயக சதுர்த்தி. மோதகம் அவிப்பேன். அனுப்புவதா இல்லையா என்று இன்னும் யோசிக்கவில்லை.

அக்கா


கொட்டாஞ்சேனை
19.09.2007

அக்காவுக்கு,

மோதகம் கிடைத்தது. முதலில் ஒன்றை இராஜநாயகம் அண்ணருக்குச் சாப்பிடக் கொடுத்து, அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். இதை மறைக்காமல் எழுதச் சொன்னதும் மிஸ்தான். அவர் நன்றாக இருந்தார், இன்னும் மூன்று கேட்டார்.

ஒரு குடையையும் ஒரு சிரிப்பையும் வைத்துக்கொண்டு நீங்கள் கலியாணம் வரைக்கும் போய்விட்டீர்கள். எங்கள் வகுப்பில்கூட ஒருவரும் இவ்வளவு தூரம் பாயவில்லை. அத்தார் கண்ட பொம்பிளை நஸீறா மிஸ். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “ஒங்கட அக்காவயும் வகுப்புக்குச் சேத்துக்கொள்வமா?” என்றார்.

பிள்ளையார் கேள்வியையும் கேட்டேன். “நானும் அஞ்சு நேரம் தொழுறவ. ஒங்கட அக்காட சாமிய நான் தொடமாட்டேன். ஒங்களத் தூங்கவுடாத நெனப்பு எதுவோ அதோடதான் எனக்கு வேல” என்றார்.

போன கிழமை ஒரு படம் திறந்தார். கறுப்பாக, வளைந்து, நுனியில் ஓட்டை. சின்னராசா என்று ஒருவர், ஹட்டன் பக்கத் தோட்டத்து ஆள், இங்கே ஹோட்டலில் சமையல், ரேடியோவில் தன்னைப் பற்றிச் செய்தி வாசிக்கிறார்கள் என்று நம்புகிறவர். அவர் பாம்பு என்றார். நான் துவக்கு என்றேன், தொண்ணூற்றைந்து போட்டேன். முழுவதும் திறந்தால் தேத்தண்ணிக் கேத்தல்.

“தெனம் கேத்தல தூக்குறவன் நானு, எனக்கே தெரியலியே!” என்று சின்னராசா தலையில் கைவைத்தார். பிறகு என்னிடம் மெதுவாக, “ஒங்களத் தேடி வேனாச்சும் வருதுங்க தம்பி. எனக்கு ஒரு கடுதாசிகூட வர்றதில்ல” என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது எனக்கே புதினமாக இருந்தது.

ஆனால் அக்கா, கேத்தலோடு முடிகிற விசயம் இல்லை இது. போன புதன்கிழமை எங்கள் தெருவில் ஒரு ஆளை உண்மையாகவே வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இறைச்சிக் கடைக்காரர் கண்டவர். நான் வகுப்பில் எழும்பி நின்று, “இதுக்கு என்ன வேற காரணம் சொல்லப் போறீங்கள் மிஸ்?” என்று கேட்டேன். அவர் சோக்கட்டியைக் கீழே வைத்தார். “வேன் வாரது மெய்தான். அத நான் பொய் எண்டு செல்லமாட்டேன். ஆனா வார எல்லா வேனும் ஒங்களுக்காக வாரல்ல தம்பி” என்றார்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒழுங்கையால் நடக்கிறேன். சில நாள் உதவுகிறது.

உங்கள் விசயத்தில் எண்பத்தைந்து. கோபிக்க வேண்டாம்.

தில்லைநாதன்


சிவமயம்

வெள்ளவத்தை
24.10.2007

தம்பிக்கு,

எண்பத்தைந்தை அத்தாருக்குச் சொன்னேன். “பரவாயில்லையே, பாஸ்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்துக்கு மட்டும் அக்காவாக இருப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டே நவராத்திரி ஒன்பது நாளும் போனது.

இப்போது அவசரமான விசயம். திங்கட்கிழமை பொலிஸ் மறுபடி வந்து பத்திரத்தைப் பார்த்தது. உன் பெயரில் விரலை வைத்து, “மல்லி கோ?” என்று, தம்பி எங்கே என்று கேட்டான். கொட்டாஞ்சேனையில் என்றேன். “அப்ப ஏன் இங்கே எழுதியிருக்கு?” என்றான். சும்மா கேட்டுவிட்டுப் போய்விட்டான். ஆனால் எனக்கு அன்று முழுவதும் இருப்புக்கொள்ளவில்லை. கீழே என் கையெழுத்து இருக்கிறது. எழுத்தில் ஆள் இருக்க, வீட்டில் ஆள் இல்லை. உன்னை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறேன் என்றுதானே நினைப்பார்கள்?

மறுநாள் மழைக்குள் பொலிசுக்குப் போய், தம்பி இப்போது எங்களோடு இல்லை என்று சொல்லி உன் பெயரை வெட்டுவித்தேன். கொட்டாஞ்சேனை விலாசத்தையும் சொன்னேன். இனி நீ அங்கே இராஜநாயகம் அண்ணரோடு போய் அந்த வீட்டுப் பத்திரத்தில் பதிந்துவிடு. இன்றைக்கே போ.

அத்தார் தலையில் அடித்துக்கொண்டார். “அங்க பதிஞ்சாப் பிறகெல்லே இஞ்ச வெட்டவேணும், அறிவுகெட்டவளே!” என்றார். ஆனால் பொய்யாக ஒரு கையெழுத்து என் பெயரில் ஒருநாளும் கிடக்கவிட நான் பழகவில்லை. நீ உடனே பதிந்தால் ஒரு பிழையும் இல்லை.

அக்கா


கொட்டாஞ்சேனை
01.11.2007

முதலில் பெயரைக் கொடுத்தீர்கள். இப்போது வெட்டினீர்கள். நான் இருக்கிற விலாசத்தையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஒரு பத்திரத்திலும் இல்லாத ஆளைத் தூக்கினால் ஒருவரும் பதில் சொல்லத் தேவையில்லை. இதைவிட ஒழுங்காக ஒருவரை இல்லாமலாக்க முடியாது.

இராஜநாயகம் அண்ணர் பொலிசுக்குக் கூப்பிட்டார். போகமாட்டேன் என்றேன். போன வெள்ளி வகுப்புக்கும் போகவில்லை. கேத்தல் படம் பார்க்க எனக்கு நேரமில்லை.

நூறு. இனி எழுத வேண்டாம்.


சிவமயம்

வெள்ளவத்தை
05.12.2007

என் தம்பிக்கு,

இந்தக் கடிதம் எங்கே போகும் என்று தெரியவில்லை. இராஜநாயகம் அண்ணரிடம் கொடுத்துவிடுகிறேன். உன் கையில் சேர்கிற அன்றைக்குச் சேரட்டும்.

ஞாயிறு காலை உங்கள் தெருவைச் சுற்றிவளைத்து, பதிவு இல்லாதவர்களைப் பஸ்ஸில் ஏற்றினார்களாம். நீ சேட்டுப் பொத்தான்கூடப் பூட்டாமல் போனாயாம். அண்ணர் பின்னால் ஓடி, “பதிய இருந்தவர்” என்று கத்தினாராம். யார் கேட்பார்?

மூன்று நாளாக ஒவ்வொரு வாசலாக நிற்கிறேன். எனக்குத் துணை வந்தது யார் தெரியுமா? உன் நஸீறா மிஸ். அண்ணரிடம் கேட்டு விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தா. வாசலில் நின்று, “நான்தான் பஸ் ஹோல்ட்டுல நிண்ட அந்தக் குடக்காரி” என்றா. எனக்கு அந்த நேரத்திலும் வெட்கமாகப் போனது. சிங்களம் அவவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவ கேட்கிறா, நான் பக்கத்தில் நின்று கும்பிடுகிறேன். பட்டியல் இன்னும் வரவில்லை என்ற ஒரே பதில்தான்.

தம்பி, எனக்கு என்ன நடக்கிறது என்று எழுதவேண்டும். பால்மா வாங்கப் போனால் கடைக்காரர் உள்ளே போய் யாரிடமோ கதைக்கிறார். என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரிகிறது. ஒழுங்கையில் ஒரு வாகனம் நின்றால் யன்னல் சீலையை இழுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நேற்று அது மீன்காரனுடையது. மீன்காரன் என்று கண்ணால் கண்ட பிறகும் நெஞ்சு அடிப்பது நிற்கவில்லை. அவன் கூவியதுகூட ஏதோ அடையாளக் குரல் போலக் கேட்டது. நீ இத்தனை வருசமும் இதற்குள்ளேயா இருந்தாய்? நான் வெளியில் நின்று ‘அப்படி ஒண்டும் இல்லை, சாப்பிடு’ என்று சொல்லிக்கொண்டா இருந்தேன்?

மிஸ் என்னிடமும் கேட்டா: “கடக்காரர் உள்ளுக்குப் போனதுக்கு வேற என்ன காரணம் ஈக்கலாம் அக்கா?” எனக்கு வந்த கோபத்தில், “உங்கட தம்பியைக் கொண்டுபோனால் தெரியும்” என்று கத்திவிட்டேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றா.

நீ நூறு என்று எழுதினாய். வெட்டினது நான்தான். காட்டிக்கொடுக்க வெட்டவில்லை. அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அக்கா


கொட்டாஞ்சேனை
09.12.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று விட்டார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. குளிசை இல்லாததால் ஒழுங்கான நித்திரை இல்லை, எழுத்து அதனால்தான் இப்படி.

பெரிய மண்டபம். நிலத்தில் இருந்தோம். முதல் இரண்டு நாளும் அங்கே இருந்த எல்லாரையும் என் காரணமாகத்தான் பிடித்தார்கள் என்று நினைத்தேன். நான் தலையைத் தூக்கினால் அவர்களை அடிப்பார்கள் என்று குனிந்தபடியே இருந்தேன்.

பக்கத்தில் ஒரு ஐயா, நாகேந்திரம் என்று பெயர், முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். “மருமேன்தான் குடுத்தவன். சீதனக் காணி எழுதேல்லை எண்டு குடுத்திட்டான்.” அவருக்கு அடுத்தவர் வீட்டுச் சொந்தக்காரன்தான் கொடுத்தான் என்றார். இன்னொருவர் மனைவியின் தமையன் என்றார். கேட்கக் கேட்க, அக்கா, அங்கே ஒவ்வொருவருக்கும் தன் பெயரைக் கொடுத்த ஒரு ஆள் இருந்தார். எல்லாரும் நூறு. அவர்கள் ஒருவருக்கும் என் வருத்தம் இல்லை.

நான் அந்த ஐயாவிடம் மிஸ் கேட்கிற மாதிரிக் கேட்டேன். “ஐயா, மருமேன் இல்லாமல் வேற காரணம் இருக்கலாமோ? அவங்கள் முழுத் தெருவையும்தானே அள்ளினவங்கள்?” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, உனக்கு என்ன, பைத்தியமே?” என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. தலையைத் தூக்கினேன். ஒருவரையும் அடிக்கவில்லை.

பிறகு உங்கள் காரியத்தை எடுத்தேன். அக்கா ஏன் பெயரை வெட்டினா? காரணம் ஒன்று, காட்டிக்கொடுக்க. காரணம் இரண்டு என்ன என்று தேடினேன். ஒருமுறை பஸ்ஸில் கொண்டக்டர் உங்களிடம் காசு வாங்க மறந்துபோனான். மறுநாள் வெயிலுக்குள் ஹோல்ற்றில் நின்று, அவன் பஸ் வரும்வரை மற்ற பஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொடுத்தீர்கள். அவன் உங்களைப் பைத்தியம் என்று நினைத்தான். வேறு யாராவது என் பெயரை வெட்டியிருந்தால் அது சாட்சி. நீங்கள் வெட்டினால், அது நீங்கள், அவ்வளவுதான். அந்த மண்டபத்தில் நாற்பதுக்கு வந்தேன்.

நேற்றுக் காலை பொலிஸ் சாஜன் கூப்பிட்டார். “வெள்ளவத்தையில் பதிந்திருந்தாய் என்கிறாய், அங்கே ஏன் இல்லை? இங்கேயும் ஏன் இல்லை?” என்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அக்கா பொய் எழுதமாட்டா, நான் வீட்டில் இல்லாதபடியால் வெட்டிவிட்டா என்றேன். அவர் வெள்ளவத்தைக்குப் போன் எடுத்தார். அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்தது எனக்கே கேட்டது. மழைக்குள் நனைந்துகொண்டு வந்த அந்த நோனாவா, அந்த அம்மாவா என்றாராம். பெயரைச் சேர்க்க வருவார்கள், மறைக்கப் பார்ப்பார்கள், வெட்டச் சொல்லிக் கேட்டு வந்த ஒரே ஆள் நீங்கள்தானாம். அண்ணர் வந்து கையெழுத்து வைத்ததும் என்னை விட்டார்கள்.

இத்தோடு கடிதத்தை முடித்தால் நல்லாயிருக்கும். ஆனால் முடிக்கமுடியாது. பஸ்ஸில் வரும்போது இன்னொரு நினைப்பு வந்தது. அந்த வெள்ளவத்தைப் பொலிஸ்காரருக்கு உங்களை ஏன் அவ்வளவு ஞாபகம்? ஒருதரம் வந்த ஆளையா? வேறு என்ன கதைத்தீர்கள்? மருதானையில் ஏறும்போது நாற்பது, கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது அறுபது.

உங்கள் கடிதத்தை அண்ணர் தந்தார். மீன்காரனை வாசித்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு வாசித்தேன்.

ஒரு கிழமைக்குள் என்னைப் பதியவேண்டும் என்று சாஜன் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கிறது. வீட்டு ஆட்களும் வரலாம் என்கிறார் மிஸ். நீங்கள் வாருங்கள். எனக்குப் பக்கத்தில் இருங்கள். முடிந்ததும் என்னோடு பொலிசுக்கு வாருங்கள். என் பெயரை நீங்களே எழுதிக்கொடுங்கள். நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

வீட்டுக்கு எப்போது வருவேன் என்று இப்போது கேட்கவேண்டாம்.

தம்பி
தில்லைநாதன்


சிவமயம்

வெள்ளவத்தை
11.12.2007

தம்பிக்கு,

உன் எழுத்தைக் கண்டதும் உறையைப் பிரிக்காமல் சாமி அறைக்குள் கொண்டுபோய் வைத்து அழுதேன். பிறகுதான் வாசித்தேன்.

அறுபது என்ற இடத்தில் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அந்தப் பொலிஸ்காரனோடு நான் கதைத்தது, மழையில் எழுத்துக் கரைந்துவிடும், தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள் என்று மட்டும்தான். இதை நம்பு என்று சொல்லமாட்டேன். நம்பச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருசமும் உன்னைத் தனியே விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. அந்த ஆறு நாளும் நீ உயிரோடு இல்லை என்று நானும் நூறு போட்டிருந்தேன். பிள்ளையாருக்கு முன்னால் நின்றபோதுகூட அந்த நூறு இறங்கவில்லை. இறங்காமலேதான் கும்பிட்டேன்.

வெள்ளி வருகிறேன். வீட்டைப் பற்றிக் கேட்கமாட்டேன். கேட்க வாய் வந்தால் மிஸ்ஸின் பக்கம் திரும்பிவிடுவேன்.

பொலிசில் ஆறுதலாக எழுதுகிறேன். நீ ஒவ்வொரு எழுத்தாகப் பார். நடுவில் சந்தேகம் வந்தால் சத்தம்போடாதே, என் கையைப் பிடி. பேனையை நிற்பாட்டுவேன். நீ விடும்வரைக்கும் அப்படியே நிற்பேன்.

அக்கா
அன்னபாக்கியம்